முப்பதுக்கு ஒன்பது

எனக்குக் கணக்குப் பரீட்சையில் முப்பத்தாறு வந்தபோதுகூட எங்கள் வீட்டில் யாரும் பதறவில்லை. "பாஸாயிட்டாள்ல" என்று சொல்லிவிட்டு அவரவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் எனக்குத் தன்மதிப்பு முப்பதுக்கு ஒன்பதுதான் இருக்கிறது என்று தெரியவந்த அன்று, பேட்டையில் எங்கள் பட்டறையில் இரும்பு கடையும் இரண்டு லேத்துகளும் பட்டப்பகலில் நிறுத்தப்பட்டன. கரண்ட் இருக்கும்போதே அவை நின்றது அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை. அது தாத்தா இறந்த அன்று.

எங்கள் வீட்டில் மொத்தம் பன்னிரண்டு பேர். முன்னால் பட்டறை, பின்னால் வீடு. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேரும் சேர்ந்து பட்டறையை நடத்தினார்கள். மூன்று குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு, அந்த அடுப்புக்குப் பெரியம்மா அதிகாரி. அம்மா காய் நறுக்குவாள், சித்தி பாத்திரம் தேய்ப்பாள். இன்றைக்கு என்ன குழம்பு என்று பெரியம்மா சொன்ன பிறகுதான் அம்மா எந்தக் காயை எடுப்பது என்று பார்ப்பாள். பிள்ளைகள் ஆறு பேர், அதில் நான் நடுவில் எங்கேயோ. பந்தியில் பாயசம் தீர்ந்துபோகும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒன்பதைக் கண்டுபிடித்தவர் எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்காக வந்திருந்த ஒரு டீச்சர். வயது இருபத்து மூன்றுக்கு மேல் இருக்காது. மொடமொடவென்று கஞ்சி போட்ட சேலை, கையில் எப்போதும் ஒரு ஃபைல். குடும்ப அமைப்பும் வளரிளம் மாணவர்களின் தன்மதிப்பும் என்று ஓர் ஆய்வு செய்கிறார் என்றும், அதற்காக நாங்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றும் சொன்னார். முதல் பக்கத்தில் வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை என்ற விவரம். இரண்டாம் பக்கத்தில் பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம், ஓரளவு, தெரியவில்லை, இல்லை என்று நான்கு கட்டம். ஆம் என்றால் மூன்று மதிப்பெண், ஓரளவுக்கு இரண்டு, தெரியவில்லைக்கு ஒன்று, இல்லைக்குப் பூஜ்யம். இந்த விஷயத்தை டீச்சர் முதலில் சொல்லவில்லை, சொல்லக் கூடாதாம்.

'நான் சில வேலைகளை மற்றவர்களைவிட நன்றாகச் செய்வேன்' என்றது முதல் வாக்கியம். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். எங்கள் வீட்டில் இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் கண்ணு பட்டுவிடும். விருந்தாளி யாராவது, "பிள்ளை நல்லா வளந்துட்டாளே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவர் தெருமுனை திரும்புவதற்குள் பெரியம்மா உப்பும் மிளகாயும் எடுத்து என் தலையைச் சுற்றிவிடுவாள். பரீட்சை எப்படி எழுதியிருக்க என்று கேட்டால், "ஏதோ எழுதிருக்கேன்" என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் அக்கா, அதாவது பெரியப்பா மகள், பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். முடிவு வந்த அன்று கேட்டவர்களிடமெல்லாம் பெரியம்மா சொன்னது, "ஏதோ, கொஞ்சம் வாங்கியிருக்கா." அந்தக் கொஞ்சம் ஆயிரத்து இருநூறுக்கு மிக அருகில் இருந்தது.

ஆகவே ஒன்பது வாக்கியங்களுக்கும் 'தெரியவில்லை' கட்டத்தில் டிக் போட்டேன். அதுதான் கண்ணுக்கும் தப்பும், பொய்யும் ஆகாது. 'எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது' என்ற கடைசி வாக்கியத்துக்கு மட்டும் தயங்காமல் 'இல்லை' என்று போட்டேன். எனக்கு அலமாரியில் அரைத்தட்டுதான், மீதி அரைத்தட்டு சித்தப்பா மகனுடையது, அவனுடைய பம்பரங்கள் என் பாவாடைமேல் கிடக்கும்.

மறுநாளே டீச்சர் வீட்டிலிருந்து பெற்றோரைக் கூட்டி வரச் சொன்னார். பள்ளியிலிருந்து கூப்பிட்டால் ஒருவர் போவது என்ற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பட்டறையின் லோடு ஆட்டோவில் ஆறு பெரியவர்களும் ஏறி வந்து இறங்கினார்கள். பெண்கள் முன்னால், பெரியப்பாவும் அப்பாவும் பின்னால் இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, சித்தப்பா ஓட்டிக்கொண்டு. டீச்சர் நாற்காலி போடச் சொல்லிப் பார்த்தார், இரண்டுதான் இருந்தது. எல்லாரும் நின்றார்கள்.

"பாப்பாவுக்குத் தன்மதிப்பு குறைவா இருக்குங்க" என்றார் டீச்சர்.

"எவ்வளவு இருக்கணும் டீச்சர்?" என்று பெரியப்பா கேட்டார். ரத்தத்தில் ஏதோ குறைகிறது என்று நினைத்துவிட்டார்.

"இருபதாவது இருக்கணும். இவளுக்கு ஒன்பது."

பெரியம்மா நெஞ்சில் கை வைத்தாள். "வீட்டுல கீரை நல்லாத்தான் சாப்பிடுதா" என்றாள்.

டீச்சர் பொறுமையாக விளக்கினார். பாராட்ட வேண்டும், திட்டக் கூடாது, சின்னச் சின்ன முடிவுகளை அவளே எடுக்க விட வேண்டும், மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். அப்புறம் ஃபைலைப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னார். கூட்டத்தில் சில பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்கள், முடிந்தால் இவளுக்கும் இவளைப் பெற்றவர்களுக்கும் தனியாக ஒரு வீடு பார்ப்பது நல்லது. அப்பா தரையைப் பார்த்தார். அம்மா சேலை முந்தானையின் நுனியைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா ஒரே மூச்சில் முடிவு சொன்னார். "மூணு வாரம் பாப்போம். பிள்ளைக்கு இருபது வரலேன்னா நீங்க மூணு பேரும் தனியாப் போயிருங்க. பிள்ளைய விட நமக்கு வீடு பெருசில்ல." சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போய் நின்றுபோன லேத்தையே துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. கதவு வைத்த அறை, முழுத்தட்டு அலமாரி. வகுப்புத் தோழியிடம் சுவருக்கு என்ன கலர் அடிப்பது என்றுகூடப் பேசிவிட்டேன்.

மறுநாள் காலையில் வைத்தியம் தொடங்கியது. சித்தப்பா பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் யார் எந்த நேரம் என்னைப் பாராட்ட வேண்டும் என்று அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். ஏழு மணி பெரியப்பா. அவர் என் முன்னால் வந்து நின்று, தொண்டையைச் செருமி, மேலும் கீழும் பார்த்தார். அவர் வாழ்நாளில் பாராட்டியதெல்லாம் கம்பிகளைத்தான்.

"ஏட்டி, நீ நல்லா நேரா நிக்கே" என்றார் கடைசியில். "கோட்டமே இல்ல."

எங்கள் பட்டறையில் அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி கிடையாது. அப்பாவுக்குப் பேச்சு வராது, அதனால் அவர் தினமும் என் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டார். மூன்றாம் நாளே சங்கிலியிலிருந்து எண்ணெய் சொட்டி என் பாவாடைக் கரை கறுத்துப் போனது. சித்தப்பா மட்டும் வஞ்சகம் இல்லாமல் பாராட்டினார், தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "அண்ணாச்சி, இவ ஒரு நாள் கலெக்டர் ஆவா, பாத்துக்கிடும்" என்றார்.

பெரியம்மா பாடுதான் திண்டாட்டம். பாராட்டினால் கண்ணு பட்டுவிடும், பாராட்டாவிட்டால் ஒன்பது ஏறாது. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் பாராட்டுவது, உடனே உப்பு மிளகாய் சுற்றி வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவது. "என் தங்கம், என்னமா தலை பின்னியிருக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று சுற்று, அடுப்பில் படபட. ஒரு நாளைக்கு ஆறு பேர் பாராட்டு, ஆறு தடவை மிளகாய். நெடி வந்தால் கண்ணு இல்லை, வராவிட்டால் கண்ணு என்பது அவள் கணக்கு. வீடு முழுக்க இருமியது. பட்டறைக்கு வந்தவர்கள் இருமினார்கள். பக்கத்து வீட்டு நாய் இருமியது என்று சித்தப்பா சத்தியம் செய்தார். பெரியம்மா மட்டும் நம்பாமல் மறுநாளும் சுற்றினாள். ஒரு மாதத்துக்கு வாங்கி வைத்திருந்த வற்றல் மிளகாய் பத்தாம் நாள் தீர்ந்துபோனது. சித்தப்பா மகன் என் காதருகில் வந்து, "எனக்கு ஆறுதான் இருக்கும்னு டீச்சர்ட்ட சொல்லுதியா?" என்று கெஞ்சினான்.

முடிவெடுக்கும் அதிகாரமும் எனக்கு வந்தது. "இன்னைக்கு என்ன குழம்பு வைக்கட்டும், நீயே சொல்லு தாயி" என்று பெரியம்மா கேட்டபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பதினாலு வருஷமாகத் தட்டில் விழுந்ததைத் தின்றவளிடம் திடீரென்று கேட்டால் என்ன சொல்வது. பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன்.

"என்னம்மா சொல்லட்டும்?"

அம்மா சுற்றிலும் பார்த்தாள். "சொதின்னு சொல்லேன்" என்றாள் பைய.

சொதி என்றால் மூன்று தேங்காய் உடைத்துப் பால் பிழிய வேண்டும், எங்கள் வீட்டில் கல்யாணம் ஆன மறுநாள் மட்டும்தான் வைப்பார்கள். நான் சொதி என்றேன். பெரியம்மா ஒரு வினாடி கண்ணை மூடித் திறந்துவிட்டு மூன்று தேங்காய் எடுத்தாள். அன்றிலிருந்து தினமும் இதே நடைமுறை. பெரியம்மா என்னைக் கேட்பாள், நான் அம்மாவிடம் ஓடுவேன், அம்மா காதில் சொல்வாள். தாளகக் குழம்பு, மாங்காய்ப் பச்சடி, கூட்டாஞ்சோறு. எனக்கு உதவி செய்கிறாள் என்று நினைத்தேன். அந்த மூன்று வாரமும் அம்மா காய் நறுக்கும்போது ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள், அதையும் என் தன்மதிப்புக்காகப் பாடுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் பெருமாள்புரத்தில் ஒரு மாடி வீடு பார்க்கப் போனோம், அப்பா, அம்மா, நான். இரண்டு அறை, சின்ன அடுக்களை. நான் கதவை மூடித் திறந்து மூடித் திறந்து பார்த்தேன். அம்மா அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மேடைமேல் உள்ளங்கையை வைத்து அங்கனயே கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பும் வழியில் டவுனில் ஒரு பாத்திரக்கடையில் இறங்கி ஒரு சின்னக் குழம்புச் சட்டி வாங்கினாள். பெரியம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு, குருவிக்கா?" என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். "கெடக்கட்டும்க்கா" என்று சொல்லிப் பரணில் வைத்துவிட்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தத் தண்ணீர் நாள் வரும்வரை. எங்கள் பக்கம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆற்றுத் தண்ணீர் வரும். தொட்டி நிறைந்ததும் குழாயை மூடுவது என் வேலை. அன்று நான் கையில் ஒரு கதைப்புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டேன். தொட்டி நிறைந்து, முற்றம் நிறைந்து, தண்ணீர் பட்டறைக்குள் போய், மறுநாள் கொடுக்க வேண்டிய ஷாஃப்டுகள் எல்லாம் நனைந்து கிடந்தன. கடைந்து மெருகு போட்ட இரும்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றேன். மற்ற நாளாக இருந்தால் ஆறு பேரும் ஆறு திசையிலிருந்து பிடித்திருப்பார்கள், நானும் அழுது, எதிர்த்துப் பேசி, அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து சாப்பிட உட்கார்ந்திருப்பேன். அன்று பெரியம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு, "பரவால்ல தாயி. பட்டறையும் கழுவி ரொம்ப நாளாச்சு" என்றாள். பெரியப்பா, "துரு பிடிச்சா பிடிச்சிட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டுத் தன் தோள் துண்டால் ஒவ்வொரு ஷாஃப்டாகத் துடைக்கத் தொடங்கினார், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்படிப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன், காபியைக் கொட்டிவிட்ட விருந்தாளியிடம் இப்படித்தான் பேசுவார்கள். என்னை வீட்டுக்கு வந்தவள் ஆக்கிவிட்டார்கள். குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். கதவு வைத்த அறை எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்குப் பெருமாள்புரம் வேண்டாம். எப்படியாவது இருபது எடுத்தே தீர வேண்டும்.

மூன்று வாரம் முடிந்து மறுபரிசோதனை அன்று காலையில் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "எல்லாத்துக்கும் ஆமான்னு போடு. கண்ணு பட்டா நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, காகிதத்தில் மடித்த உப்பையும் மிளகாயையும் என் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்து அனுப்பினாள்.

ஆசிரியர் அறையின் ஓரத்தில் உட்காரவைத்து டீச்சர் அதே படிவத்தைக் கொடுத்தார். ஒன்பது வாக்கியங்களுக்கும் மளமளவென்று 'ஆம்' போட்டேன். அதெல்லாம் வீட்டு உத்தரவு. பத்தாவது வாக்கியத்தில் மட்டும் கை நின்றது. எனக்கென்று ஓர் இடம். அலமாரியின் அரைத்தட்டு ஞாபகத்துக்கு வரவில்லை. கூடத்தில் வரிசையாகப் பாய் விரிக்கும்போது அக்காவுக்கும் சித்தப்பா மகனுக்கும் நடுவே விடுவார்களே, நான் ஊருக்குப் போயிருந்தாலும் யாரும் படுக்காமல் காலியாகக் கிடக்குமே, அந்த ஒன்றரை முழம் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு நானாக 'ஆம்' போட்டேன்.

டீச்சர் கூட்டிப் பார்த்தார். முப்பது. மறுபடி கூட்டினார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் வாடிவிட்டது.

"உண்மையைச் சொல்லு. ஏன் முதல்ல எல்லாத்துக்கும் தெரியவில்லைன்னு போட்ட?"

"கண்ணு பட்டுரும்லா டீச்சர்" என்றேன்.

"இப்ப படாதா?"

பாக்ஸைத் திறந்து பொட்டலத்தைக் காட்டினேன். டீச்சர் மிளகாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் ஃபைலைப் பார்த்தார். நேரே எங்கள் வகுப்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், கண்ணு படும் என்று பயந்து எழுதியவர்கள் யார் யார் என்று கேட்டார். முதலில் இரண்டு கை, அப்புறம் நாலு, அப்புறம் பாதி வகுப்புக்கு மேல் கையைத் தூக்கியது. கூட்டுக் குடும்பம், தனிக் குடும்பம் வித்தியாசமே இல்லை. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைச் சேலையில் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று பயந்தோம். சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் லோடு ஆட்டோ வந்து நின்றது. அதே ஆறு பேர். முப்பது என்று டீச்சர் சொன்னதும் பெரியப்பாவுக்கு அதிலும் ஒரு கவலை வந்துவிட்டது. "இருபது போதும்னீங்களே டீச்சர். கூடிட்டா ஒண்ணும் பண்ணாதுல்லா?"

"ஒண்ணும் பண்ணாதுங்க ஐயா. தனி வீடு அது இதுன்னு நான் சொன்னதை மறந்துருங்க" என்று டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். சித்தப்பா விசில் அடித்தார். அப்பா முதல்முறையாக என் தோளில் கை போட்டார். அம்மா என் தலையைத் தடவி, "முப்பதா?" என்று கேட்டாள். "முப்பதும்மா, நாம எங்கயும் போக வேண்டாம்" என்று குதித்தேன். "நல்லது" என்றாள் அம்மா.

வீட்டு வாசற்படியில் கால் வைத்ததும் பெரியம்மா திரும்பினாள். "ஏட்டி, கூறுகெட்ட மூதி, தண்ணிக் குழாய மூடச் சொன்னா கதையா படிக்க கதை?" மூன்று வாரத்துப் பாக்கி முழுவதையும் நின்ற நிலையில் கொட்டித் தீர்த்தாள். நடுவில் பெரியப்பா வந்து ஷாஃப்டுகளுக்காகத் தனியாக ஒரு பாட்டம் வைதார். நான் எதிர்த்துப் பேசினேன், அதற்கும் வாங்கினேன். என் வாயெல்லாம் பல். ஒரு வீட்டையே உடையாமல் காப்பாற்றியவள் இல்லையா நான். மறுநாள் காலை பெரியம்மா, "இன்னைக்குப் புளிக்குழம்பு" என்று அறிவித்தாள், அம்மா கத்திரிக்காயை எடுத்து நறுக்க உட்கார்ந்தாள். பாட்டு கேட்கவில்லை. அது கேட்கவில்லை என்பதைக்கூட அன்று நான் கவனிக்கவில்லை, பதினைந்து வருஷம் கழித்து இப்போதுதான் உறைத்தது.

போன மாதம் அம்மா மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான், என் வீட்டுக்காரர், மகள், மூன்று பேர். பையைத் திறந்து துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குழம்புச் சட்டியை எடுத்தாள். அடியில் ஒட்டியிருந்த கடைச் சீட்டுகூடக் கிழியாமல் இருந்தது. "உனக்கு அளவாயிருக்கும்" என்றாள். அன்று என் அடுக்களையில் என்னை விடவில்லை, அவளே தேங்காய் உடைத்து, அவளே பால் பிழிந்து சொதி வைத்தாள். முணுமுணுவென்று பாடினாள்.

அவள் பின்னால் நின்று கேட்டேன். "அன்னைக்கு அந்தப் பெருமாள்புரம் வீட்டுக்குப் போகணும்னு ஒனக்கு ஆசை இருந்துச்சாம்மா?"

அம்மா அடுப்பைக் குறைத்தாள். கரண்டியால் ஒரு சுற்றுக் கிண்டினாள்.

"ஏதோ, கொஞ்சம்" என்றாள்.